நூற்றில் ஏழு

மார்ச் 4

அண்ணா,

பதினோரு முறை போன் செய்தேன். பதினோராவது முறை எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

அம்மா நேற்று பேசினாள். "அண்ணன் கம்பெனி மருந்தை என் கையில ஏத்தி, கண்ணைப் படம் புடிக்கப் போறாங்களாம். இருபத்தெட்டாம் தேதி. எட்டுப் பக்கத்துக்கு என்னமோ எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்குப் படிக்க வரல. உனக்கு அனுப்பச் சொல்லட்டுமா?" என்றாள். ஒரு காலத்தில் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படித்தவள். வலது கண்ணிலும் நடுவில் கறை விழத் தொடங்கிவிட்டதை 'படிக்க வரல' என்று சொல்லிச் சமாளிக்கிறாள். எதிர்வீட்டு டீச்சர் எட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினார்.

ஆறாம் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒளித்திறன் 84.

கண்ணுக்குள் ஒளிரும் அந்த மருந்து என்னுடைய இருபத்திரண்டாவது சாயம். இருபத்தொன்று மங்கலாகப் போன பிறகு என் கையால் செய்தது. செய்தவள் நான், அளந்தவன் நீ. நூறு பங்கு ஒளியை வாங்கிக்கொண்டு தொண்ணூற்றொரு பங்கைத் திருப்பித் தந்தது. நம்ப முடியாமல் மூன்று நாள் மறுபடி மறுபடி அளந்தாய். மூன்று நாளும் தொண்ணூற்றொன்றுதான்.

இப்போது எண்பத்து நான்கு. மீதி ஏழு எங்கே போயிற்று?

வாங்கிய ஒளி எங்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். வெறும் சூடாகப் போனால் எனக்குக் கவலை இல்லை. வேறு எதற்காவது போனால், அந்த 'வேறு' அம்மாவின் கண்ணுக்குள் நடக்கும். ஊசி போட்டபின் கண்ணுக்குள் ஆறு நிமிடம் விளக்கு அடிப்பீர்கள் என்று ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

தொழிற்சாலையில் செய்த சரக்கை இரண்டாவது முறை படிகமாக்கிச் சுத்தம் செய்தார்களா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சின்னவள்

*

மார்ச் 9

சின்னவளுக்கு,

நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கிழிக்கவில்லை. தபால்காரர் "ஆபீஸ் நோட்டீஸா சார்?" என்று கேட்டார். இல்லை, வீட்டு நோட்டீஸ் என்றேன்.

ஏழு எங்கே போயிற்று என்று கேட்கிறாய். நீ எங்கே போனாய் என்று இரண்டு வருஷமாக நான் யாரிடம் கேட்பது? ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாய். இப்போது எங்கோ ஓர் ஊரில் சுவர்ப் பெயின்ட் வெயிலில் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். இங்கே அம்மாவுக்கு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து போடுவது நான். அவள் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றும்போது, பார்க்காத மாதிரி துணியை எடுத்துத் துடைப்பது நான். மாடிப்படி எத்தனை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இறங்குகிறாள். பதினான்கு. போன வாரம் பதின்மூன்றிலேயே தரை வந்துவிட்டதென்று கால் வைத்துவிட்டாள். பிடித்தது நான்.

எண்ணுக்கு வருகிறேன். போன ஆகஸ்டில், ஒளி அளக்கும் வெள்ளை உருண்டையின் உள்பூச்சை மாற்றினோம். புதுப் பூச்சில் எல்லாச் சாயமும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டுகிறது. தொழிற்சாலைச் சரக்குக்குத் தூய்மை தொண்ணூற்றொன்பது என்று சான்றிதழ் இருக்கிறது. அங்கே எத்தனை முறை படிகமாக்கினார்கள் என்பது என் இலாகா இல்லை. என் வேலை அளப்பது.

முதல் குழுவில் நல்ல கண் உள்ள எட்டுப் பேர் போட்டுக்கொண்டார்கள். எட்டுப் பேரும் நன்றாக இருக்கிறார்கள். விழித்திரையின் நரம்பு நரம்பாக, இவ்வளவு தெளிவாக இதுவரை பார்த்ததில்லை என்று கண் டாக்டரம்மா சொன்னார். அம்மாவுக்கு எந்த இடத்தில் கசிகிறது என்று பழைய சாயத்தில் பிடிபடவில்லை. இடம் தெரிந்தால் லேசரால் அடைத்துவிடலாம். தெரியாவிட்டால் வருஷக் கடைசிக்குள் இந்தக் கண்ணும் போய்விடும். இரண்டாம் குழுவில் பன்னிரண்டே பேர். அதில் அம்மாவுக்கு ஓர் இடம் வாங்க நான் யார் யார் காலைப் பிடித்தேன் என்பது உனக்கு வேண்டாம்.

நம் சாயத்தைப் பற்றிய கட்டுரையில் உன் பெயரை மூன்றாவதாகத் தள்ளியது ஆய்வகத் தலைவர். நான் வாய் திறக்கவில்லை என்பது உன் கோபம். திறந்திருந்தால் இரண்டு பேருமே வெளியே நின்றிருப்போம். ஆறாத புண்ணைச் சொறிந்தால் ரத்தம்தான் வரும். அதை அம்மா கண்ணில் தெளிக்காதே.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

ஒரு வரி கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை. உன்னை எனக்குத் தெரியும். 'ஆமாம்' என்றிருந்தால் முதல் வரியிலேயே என் தலையில் குட்டியிருப்பாய்.

புதுப் பூச்சு எல்லாச் சாயத்தையும் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது என்கிறாய். எவ்வளவு? ஏழா? பழைய சாயத்தை அதே உருண்டையில் வைத்துப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். எவ்வளவு வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள்.

உனக்குத் தெரிந்த பாடம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். நம் மூலக்கூறுக்கு இரண்டு வளையம், நடுவே ஒற்றைப் பிணைப்பு. முதல் இருபத்தொரு சாயத்திலும் அந்த வளையங்கள் காற்றில் கதவு போல ஆடின. வாங்கிய ஒளியெல்லாம் ஆட்டத்திலேயே செலவாயிற்று. இருபத்திரண்டில் இரண்டு வளையத்துக்கும் குறுக்கே ஒரு பாலம் போட்டேன். ஆட முடியவில்லை. ஆட முடியாததால் ஒளிர்ந்தது. அவ்வளவுதான் நம் கண்டுபிடிப்பு.

ஆனால் அந்தப் பாலத்தைப் போட வேண்டுமானால், முதலில் இரண்டு வளையத்திலும் ஆளுக்கொரு புரோமின் அணுவைப் பிடிமானமாக வைக்க வேண்டும். பாலம் சரியாக விழுந்தால் இரண்டும் கழன்றுவிடும். ஒரு சிலவற்றில் பாலம் விழாது, ஒரு புரோமின் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூலக்கூறு பார்க்க நல்லதைப் போலவே இருக்கும். உங்கள் சான்றிதழ்க் கருவியில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகத்தான் வெளியே வரும். அதனால் தொண்ணூற்றொன்பது.

புரோமின் கனமான அணு. அது ஒட்டியிருந்தால், வாங்கிய ஒளி வெளியே வராமல் உள்ளுக்குள் வேறொரு நிலைக்கு நழுவி, அங்கேயே நெடுநேரம் தங்கும். பக்கத்தில் வரும் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் மூர்க்கமானது. தொட்டதை அரிக்கும். புற்றுக் கட்டியைக் கொல்ல வேண்டுமென்றே இப்படிப்பட்ட மூலக்கூறுகளைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தெரியாமல் செய்து, விழித்திரையில் விளக்கு அடிக்கிறீர்கள்.

அந்த எட்டுப் பேர் போட்டுக்கொண்டது தொழிற்சாலைச் சரக்கு அல்ல, ஆய்வகத்தில் செய்தது என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. நான் விட்டுவந்த புட்டியில் இருந்தது. என் கையால் இரண்டு முறை படிகமானது. இதுவும் உனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சோதனை செய். தொழிற்சாலைச் சரக்கைக் கரைத்து, இருபது நிமிடம் நைட்ரஜனை விட்டு ஆக்சிஜனைத் துரத்து. பிறகு விளக்கை அணைத்ததும் ஒளி எப்படிச் சாகிறது என்று பார். சட்டென்று அணைந்தால் நான் பொறாமைக்காரி, உன் காலில் விழுகிறேன். வால் மாதிரி நீண்டால் போனை எடு.

கட்டுரையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீதான் எழுதினாய்.

சின்னவள்

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

வால் நீண்டது.

பதினேழாம் தேதி உன் கடிதம் வந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் செய்தேன். நைட்ரஜன் விடும்போது குழாய் இரண்டு முறை கழன்றது. உன் பழைய புட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். உன்னுடையது கத்தரித்த மாதிரி அணைந்தது. தொழிற்சாலைச் சரக்கு அணைய மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. மூடியைத் திறந்து காற்றை விட்டேன். வால் போய்விட்டது. மறுபடி நைட்ரஜன், மறுபடி வால். நான்கு முறை செய்தேன்.

மறுநாள் எடை பார்க்கும் கருவியிலும் போட்டேன். புரோமினின் அடையாளம் உனக்குத் தெரியும்: இரண்டு கோடு, ஒரே உயரம், நடுவே இரண்டு அலகு இடைவெளி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி நின்றன. கலப்பு எட்டு சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

பழைய சாயத்தை உருண்டையில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டாய். செப்டம்பரிலேயே பார்த்தேன். நூற்றுக்கு ஒன்றுதான் குறைந்தது.

தலைவரிடம் போனேன். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "யார்கிட்டயாவது காட்டினியா?" என்றார். இல்லை என்றேன். "கண்ணுல இருக்கறது நைட்ரஜன் இல்லப்பா. கண்ணுல ஆக்சிஜன் இருக்கு. ஆக்சிஜன் இருந்தா வால் இல்லைன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன?" என்றார். வால் இல்லாமல் போவதே ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்வதால்தான் என்பது அவருக்குத் தெரியாதா? எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். பிறகு மெதுவாக, "பன்னெண்டு பேரு முடியட்டும். அடுத்த சரக்குல சரி பண்ணிக்கலாம். தோள்ல ஏறி நிக்கிற நேரத்துல காலை உதறாதே" என்றார்.

பதினாறாம் தேதி இரண்டாம் குழுவில் மூன்று பேருக்குப் போட்டாயிற்று. முதலில் போட்டுக்கொண்டவர் ஒரு தையல்காரர், அறுபது வயதிருக்கும். விளக்கு அடித்த கண்ணில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு தெரிகிறது என்று மறுநாள் வந்து சொல்லியிருக்கிறார். நோயே அப்படிக் காட்டும் என்று கண் டாக்டரம்மா குறித்துவைத்திருக்கிறார். மற்ற இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை எடுத்துவிட்டேன். நீ கேட்டது நடந்துவிட்டது. இத்துடன் விடு. போன் செய்யாதே. வீட்டில் அம்மா காது கொடுக்கிறாள், ஆபீஸில் எல்லாரும் காது கொடுக்கிறார்கள்.

நீ சொன்னது சரி. எழுதிவிட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

கூரியரில் அனுப்புகிறேன்.

நான் கேட்டது நடந்துவிட்டதா? அம்மாவின் பெயரை எடு என்று நான் எந்த வரியில் எழுதினேன்? நீ எடுத்தது நம் அம்மாவை. மீதி எட்டுப் பேருக்கு யார் அண்ணன்?

நீ எடுத்த விதத்தைப் பார். உனக்குச் சந்தேகம் இருந்தால் எல்லாரையும் எடுத்திருப்பாய். சந்தேகமே இல்லாவிட்டால் யாரையும் எடுத்திருக்க மாட்டாய். விஷம் என்று தெரிந்து, உன் தட்டை மட்டும் நகர்த்திவைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருக்கிறாய்.

டீச்சர் அனுப்பிய தாளில் தேதிகள் இருக்கின்றன. அடுத்த நான்கு பேர் இருபத்தாறாம் தேதி, காலை ஒன்பது மணி. ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு நானே எழுத முடியும். முகவரி எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதினால் என்ன ஆகும்? சண்டை போட்டுக்கொண்டு போன பெண், பெயின்ட் கம்பெனியில் இருக்கிறாள், கையில் ஒரு தாளும் இல்லை. தலைவர் சிரித்துக்கொண்டே என்னை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். வால் நீண்டதைப் பார்த்தவன் நீ. இரட்டைக் கோடு உன் மேசையில் இருக்கிறது. இதை நான் செய்ய முடியாது, அண்ணா. முடியுமானால் உன்னிடம் கெஞ்ச மாட்டேன்.

வேலை போகும் என்று பயப்படுகிறாய். போகும். பொய் சொல்ல மாட்டேன்.

அந்தத் தையல்காரர் ஊசியில் நூல் கோப்பது எந்தக் கண்ணால் என்று யாராவது கேட்டீர்களா?

இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணி வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு நீ எழுத வேண்டிய அவசியம் இருக்காது.

சின்னவள்

*

மார்ச் 27

சின்னவளுக்கு,

உன் கூரியர் இருபத்துமூன்றாம் தேதியே வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பந்தி என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி மறுபடி தலைவரிடம் போனேன். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று வெளியே உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை, தலைவரும் வேறு வழியாகப் போய்விட்டிருந்தார்.

நேற்று எட்டே முக்காலுக்குக் கண் மருத்துவமனைக்குப் போனேன். பெஞ்சில் நான்கு பேர். ஒரு பஸ் கண்டக்டர், அக்கா தங்கை இரண்டு பேர், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மா. கருவிழியை விரிக்கும் சொட்டு விட்டிருந்ததால் நால்வரும் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் அம்மா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஊசி போடறவரு நீங்களா தம்பி?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க ஏன் வேர்த்துப் போய் நிக்கறீங்க? ஊசி எனக்குத்தானே."

பக்கத்தில் இருந்த அக்கா தங்கை கண்ணை மூடியபடியே சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டிருந்தார். தட்டில் நான்கு ஊசிகள், உள்ளே உன் இருபத்திரண்டு, நல்ல மஞ்சளாக, பார்க்க அழகாக. இரண்டு படத்தையும் மேசையில் வைத்தேன். சொல்லத் தொடங்கினேன். பாலம், புரோமின், வால் என்று என்னென்னவோ உளறினேன். அவர் குறுக்கிட்டார்.

"இந்தக் கோடெல்லாம் எனக்குத் தெரியாது. தையல்காரருக்கு வந்த திட்டு இதனாலயா?"

"இருக்கலாம்."

"பதினெட்டாம் தேதி உங்க அம்மா பேரை எடுத்தீங்களே. காய்ச்சல்னு சொன்னீங்க."

மேசையில் இருந்த படத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"காய்ச்சல் இதுதானா?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கையுறையைக் கழற்றினார், பிறகு இன்னொன்றை. "எட்டு நாள்" என்றார். அவ்வளவுதான்.

யார் சொன்னார்களோ, கால் மணி நேரத்தில் தலைவர் வந்துவிட்டார். கருவிக் கோளாறு, தம்பிக்கு வீட்டில் பிரச்சினை, தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குப் பழைய பகை என்றார். டாக்டரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து, மேலே காகிதம் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "கருவியைச் சரி பண்ணிட்டு வாங்க சார். கருவிக்கு மாத்து இருக்கு" என்றார். அந்தக் காகிதத்தில் சாட்சியாக என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானமே என் மேசையைப் பூட்டிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று தாள் கொடுத்தார்கள். நெறிமுறைக் குழு ஏப்ரல் இருபதாம் தேதி கூடுகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். பந்தி வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விடவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு யாரோடது? ஒரு மாசமா நீயும் அவளும் என் கண்ணைப் பத்தி மாத்தி மாத்தி லெட்டர் எழுதியிருக்கீங்க. போட்டுக்கறியான்னு நீ கேக்கல. வேணாம்னு எடுத்துட்டேன்னும் நீ சொல்லல. அவளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எனக்குக் கண்ணுதான்டா மங்கல்."

 இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கு நேராகச் சொல். எனக்கு எழுதாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 1

அண்ணா,

அம்மாவிடம் பேசினேன். ஒரு மணி நேரம். அதில் முக்கால் மணி அவள் பேசினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எட்டு நாள் என்று டாக்டரம்மா சொன்ன இடத்தில் உன்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்லாமல் இதுவரை நான்கு வாரம் உன்னை அடித்திருக்கிறேன்.

என் குறிப்பேட்டை நீ எப்போதாவது எடுத்துப் பார்த்தாயா? தலைவரின் அலமாரியில் இருக்கும். அறுபத்தொன்றாம் பக்கம். இருபத்திரண்டின் செய்முறை, என் கையெழுத்து. தொழிற்சாலைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் செய்தார்கள். கடைசி வரியில் நான் எழுதியிருப்பது இது: 'இரண்டாவது முறையும் படிகமாக்கினால் நல்லது.'

நல்லது. அவ்வளவுதான் எழுதினேன். செய்தே ஆக வேண்டும் என்று எழுதவில்லை. ஏன் செய்ய வேண்டும் என்றும் எழுதவில்லை.

எனக்கு அப்போதே தெரியும், அண்ணா. முதல் முறை படிகமாக்கியபோது வந்தது மங்கலாக இருந்தது. எடை பார்த்தேன், இரட்டைக் கோடு வந்தது. இரண்டாவது முறை படிகமாக்கினேன், போய்விட்டது. அந்தக் கோடு உள்ள தாளை அந்தப் பக்கத்தில் ஒட்டி, கீழே இரண்டு வரி காரணம் எழுதியிருக்க வேண்டும். தொழிற்சாலைக்குக் கொடுப்பதற்கு முன் அதை எழுதப் பேனாவை எடுத்த அந்தக் காலையில்தான் அச்சான கட்டுரை வந்தது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். என்னை மூன்றாவதாகப் போட்டவர்களுக்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா, வேண்டுமென்றால் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று பேனாவை மூடினேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றினேன். அந்தத் தாளை இங்கே கொண்டுவந்துவிட்டேன். என் துணிப்பெட்டியில் இருக்கிறது.

ஆட்கள் அவசரத்தில் இருக்கும்போது 'நல்லது' என்ற வார்த்தையை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? விட்டுவிடுவார்கள். அதனால்தான் எண்பத்து நான்கைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதைக் கேட்டேன். நான் புத்திசாலி என்பதால் கேட்கவில்லை. என்ன விட்டுப் போயிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ எட்டு நாள் மறைத்தாய். நான் இரண்டு வருஷம்.

இருபதாம் தேதி குழுவுக்கு முன் நானும் வருகிறேன். அந்தத் தாளோடு. நேற்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தலைவர் என்னைப் பழைய பகைக்காரி என்று சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்லப் போகிறேன். அது பொய்யில்லையே.

தையல்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது? அவருக்கு யாராவது சொன்னார்களா?

சின்னவள்

*

ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

உன் கடிதம் நான்காம் தேதி வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. 'பரவாயில்லை' என்று எழுதி அடித்தேன். 'எப்படிச் செய்யலாம்' என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டில் எதை எழுதவும் எனக்கு அருகதை இல்லை. அன்று காலை உன் பெயர் மூன்றாவதாக வரப்போவது எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். இதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

தையல்காரருக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை. ஆய்வு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது என்று ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கும் இதுவரை கோளாறு இல்லை, டாக்டரம்மா வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறார். தையல்காரரின் திட்டு அப்படியே இருக்கிறது. பெரிதாகவில்லை, போகவும் இல்லை. போகாது என்றுதான் டாக்டரம்மா நினைக்கிறார்.

நேற்று முன்தினம் காலையில் அவர் கடைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. ஒரு தையல் எந்திரம், கொடியில் பாதி தைத்த சட்டைகள், துண்டுத் துணி நிறைந்த ஒரு கூடை. அளவு கொடுக்க வந்தவன் என்று நினைத்து டேப்பை எடுத்தார். வேண்டாம், நான் மருத்துவமனையில் போட்ட அந்தச் சாயத்தை அளந்தவன் என்றேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வளையம், பாலம் எதுவும் சொல்லவில்லை. மருந்தில் இருக்கக் கூடாத ஒன்று கொஞ்சம் இருந்தது, விளக்கு பட்டதும் அது கண்ணை அரிக்கக்கூடியது, உங்கள் கண்ணில் உள்ள திட்டு பெரும்பாலும் அதனால் வந்தது என்றேன். உன் பக்கம் அறுபத்தொன்றையும் சொன்னேன். நீ சொல்ல வேண்டாம் என்று எழுதவில்லை.

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார். பிறகு கேட்டார்.

"எனக்கு அப்புறம் நாலு பேரு இருந்தாங்களாமே. அவங்களுக்கு?"

"போடல. நிறுத்தியாச்சு."

"எனக்குப் போட்டது பதினாறாம் தேதி. அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா?"

ஊர்ப்பட்ட பதில் வைத்திருந்தேன், சின்னவளே. சோதனை செய்தது பதினேழாம் தேதிதான். அது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். வாய் வரை வந்தது.

"ஏழாம் தேதியே என் தங்கச்சி எழுதின லெட்டர் வந்துடுச்சு. சந்தேகமா இருக்குன்னு எழுதியிருந்தா. எனக்கும் செப்டம்பர்லருந்தே உறுத்தல் இருந்துச்சு. நான் பாக்கல."

"பாத்திருந்தா?"

"உங்களுக்குப் போட்டிருக்க மாட்டாங்க."

அவருடைய மனைவி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, "எதுக்கு வந்தே? மன்னிச்சிட்டேன்னு எழுதி வாங்கிட்டுப் போகவா? வெளிய போ" என்றார். எழுந்தேன். செருப்பைத் தேடிப் போட்டேன். தையல்காரர் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, துணியைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"மன்னிப்பெல்லாம் எனக்கு இப்ப வராது தம்பி" என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கண்ணைக் காட்டணும்னு சொல்லியிருக்காங்க. பஸ் நம்பர் தெரிய மாட்டேங்குது. இவ கடையை விட்டுட்டு வர முடியாது. காலையில எட்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போ. ஒரு வாரமும் விடக் கூடாது."

சரி என்றேன்.

உன் வண்டி பத்தொன்பதாம் தேதி காலை வருகிறது என்று அம்மா சொன்னாள். நான் நிலையத்தில் இருப்பேன். குழு முடிந்த பிறகு இரண்டு நாள் கூடத் தங்கு. இங்கே எனக்கு இப்போது வேலை எதுவும் இல்லை, வெள்ளிக்கிழமை தவிர.

நேற்று வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குப் போனேன். அவர் சட்டை மாற்றி, குடையோடு, வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் குடையைத் தரையில் ஊன்றி, எனக்கு இரண்டடி தள்ளியே நடந்தார். பஸ் ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்தார்.

அண்ணன்